கடல் வழிவிடும் நேரம்: கம்போபெல்லோ தீவின் மரக் கலங்கரை விளக்கத்தைக் காணச் செல்வோருக்கு

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள லூபெக் என்னும் சிறிய துறைமுக ஊரில் இரண்டு நாட்கள் தங்கப்போவதாகவும், அங்கிருந்து எல்லை தாண்டிக் கனடாவின் கம்போபெல்லோ தீவிலுள்ள மரக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவர விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். எழுபது வயதைக் கடந்த தாயாரும் பத்து வயது மகனும் உடன் வருகிறார்கள் என்றும் சொல்லியிருந்தீர்கள். எந்த நேரத்தில் போவது, எல்லோராலும் போக முடியுமா, கல்லிலும் செங்கல்லிலும் எத்தனையோ கோபுரங்கள் இருக்க ஒரு மரக் கோபுரத்துக்காக இவ்வளவு தூரம் போவது தகுமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால்தான் மற்ற இரண்டுக்கும் நான் சொல்லப்போகும் சிரமங்களைப் பொறுத்துக்கொள்ள உங்களுக்கு மனம் வரும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நீங்கள் குறிப்பிடும் விளக்கத்தின் பெயர் ஹெட் ஹார்பர் விளக்கு நிலையம். கிழக்கு குவாடி விளக்கம் என்றும் அதைச் சொல்வார்கள். லூபெக்கிற்கு அருகிலேயே மேற்கு குவாடி முனை என்று இன்னொன்று இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, 1858-இல் கட்டிய செங்கல் கோபுரம் அது. அமெரிக்காவின் பெருநிலப் பரப்பில் கிழக்குக் கோடியில் நிற்பது. மேற்கு என்ற பெயருடையது நாட்டின் கிழக்குக் கோடியில் இருப்பதால் பயணிகள் பலர் குழம்பிப்போகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நாட்டெல்லையும் ஒரு கடற்காலும் இருக்கின்றன. வழி கேட்கும்போது கிழக்கு, மேற்கு என்று சொல்லாமல் ஹெட் ஹார்பர் என்று கேட்டால் தவறு நேராது.

ஹெட் ஹார்பர் கோபுரம் 1829-இல் கட்டப்பட்டது. அப்போது கனடா என்ற கூட்டாட்சியே உருவாகவில்லை. இந்தத் தீவு சேர்ந்த நியூ பிரன்ஸ்விக் தனிக் குடியேற்ற மாநிலமாக இருந்தது. எட்டுப் பட்டையாக, மேலே போகப் போகக் குறுகிச் செல்லும் மரச்சட்டக் கோபுரம். உயரம் 51 அடி, அதாவது பதினைந்தரை மீட்டர். உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் அது நிற்கும் இடம், தீவின் வடமுனையிலிருந்து பிரிந்து கடலுக்குள் கிடக்கும் ஒரு பாறைத்திட்டு. உலகிலேயே மிக உயர்ந்த ஓதங்கள், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கங்கள், எழும் ஃபண்டி விரிகுடா அதன் மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கிறது. குளிர்காலப் புயல்களையும், உப்புக் காற்றையும், பனிமூட்டத்தையும், உறைபனியையும் தாங்கிக்கொண்டு ஏறத்தாழ 200 ஆண்டுகளாக ஒரு தச்சுவேலை அங்கே நிற்கிறது. நியூ பிரன்ஸ்விக்கில் இன்று எஞ்சியிருக்கும் கலங்கரை விளக்கங்களில் இதுவே மிகப் பழையது.

அங்கே ஏன் மரத்தில் கட்டினார்கள் என்பதற்குக் காரணம் எளியது. அந்த மாநிலம் முழுவதும் காடு. கப்பல் கட்டுவதே அதன் பெருந்தொழில். வளைந்த பலகையையும் கனத்த உத்திரத்தையும் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, அலையைத் தாங்கும் கலமொன்றைச் செய்யத் தெரிந்த கைகள் ஒவ்வொரு துறையிலும் இருந்தன. கல்லைச் செதுக்கிப் படகேற்றி, ஓதம் ஏறி இறங்கும் ஒரு பாறையில் இறக்கிச் சுண்ணச்சாந்து பூசி அடுக்குவதைக் காட்டிலும், கரையில் அறுத்துத் தயாரித்த மரத்தைக் கொண்டுபோய்ப் பூட்டுவது பல மடங்கு எளிது. எட்டு மூலைகளிலும் உட்சாய்ந்து நிற்கும் கனத்த கால்மரங்கள், அவற்றைத் தளத்துக்குத் தளம் இறுக்கிப் பிடிக்கும் குறுக்குச் சட்டங்கள், வெளியே பலகைப் போர்வை, உச்சியில் விளக்கறை: இந்த வகைக் கோபுரத்தின் உடற்கூறு இவ்வளவுதான். நான்கு பட்டையை விட எட்டுப் பட்டையில் காற்று எளிதாக வழுக்கிப் போகும். அடி அகன்று தலை குறுகியிருப்பதால் எடையின் மையம் தாழ்ந்திருக்கும். பலத்த காற்றில் மரச்சட்டம் சற்று நெளிந்து கொடுத்துத் திரும்ப நிமிர்ந்துகொள்ளும்.

மரத்தின் பலவீனமும் அதே அளவு உண்மை. அடிச்சட்டத்தில் நீர் தங்கினால் அது மெல்ல உளுத்துப்போகும். வண்ணப்பூச்சு விட்டுப்போன இடத்தில் பலகை பிளக்கும். எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் எல்லாவற்றையும் விட நெருப்பே பெரிய அச்சமாக இருந்தது. கனடாவின் முதல் கலங்கரை விளக்கம் 1734-இல் லூயிபூர்க் துறையில் எரியத் தொடங்கியது. அதன் கோபுரம் கல்லால் ஆனதுதான். ஆனால் விளக்கறையில் மரம் இருந்ததால் 1736-இல் அந்த விளக்கறை தீப்பிடித்து அழிந்தது. அப்படியிருக்க, அடிமுதல் மரமாகவே எழுந்த ஹெட் ஹார்பர் கோபுரத்தின் உச்சியில் ஒவ்வோர் இரவும் திரியேற்றி எரித்திருக்கிறார்கள் என்பதையும், அங்கிருந்த காவலர்களின் விழிப்பையும் சேர்த்தே எண்ணிப்பார்க்க வேண்டும். கல் கோபுரத்தை நாம் காணும்போது கட்டியவரைப் பாராட்டுகிறோம். மரக் கோபுரத்தைக் காணும்போது, கட்டியவரோடு அதற்குப் பின் வந்து பலகையை மாற்றி, ஆணியை முடுக்கி, வண்ணம் பூசிய ஒவ்வொருவரையும் சேர்த்துப் பாராட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த ஒரு கோபுரத்துக்காக ஒரு நாளை ஒதுக்குவது தகும் என்று தயக்கமின்றிச் சொல்கிறேன்.

இங்கே ஒரு கிளைச்செய்தி. மரக் கோபுரங்களை இடம் பெயர்த்து நகர்த்தவும் முடிந்தது. பிரின்ஸ் எட்வர்ட் தீவின் கிழக்கு முனை விளக்கம் 1867-இல் கட்டப்பட்ட இன்னொரு எட்டுப்பட்டை மரக் கோபுரம். அது முனையிலிருந்து உள்வாங்கி நின்றதால் கப்பல்கள் தூரத்தைத் தவறாகக் கணித்தன. 1882-இல் ஃபீனிக்ஸ் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அங்கே தரைதட்டிச் சிதைந்தது. பிறகு 1885-இல் கோபுரத்தையே முனைக்கு அருகில் நகர்த்திக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கற்கோபுரமாக இருந்தால் இடித்துத்தான் கட்டியிருப்பார்கள்.

ஹெட் ஹார்பர் கோபுரத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்காததற்குக் காரணம் அதன் மீதுள்ள செஞ்சிலுவை. வெள்ளைக் கோபுரத்தின் மேல், உச்சி முதல் அடி வரை ஒரு பட்டையும் அதைக் குறுக்காக வெட்டி இன்னொரு பட்டையுமாகச் சிவப்பு வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் சிலுவையின் வடிவம் அது. பார்ப்பதற்கு அலங்காரம் போலத் தோன்றினாலும் அதற்கு ஒரு வேலை உண்டு. பனிபடர்ந்த குன்றின் முன்னாலோ வெளுத்த மூடுபனியின் நடுவிலோ வெறும் வெள்ளைக் கோபுரம் கரைந்து மறைந்துவிடும். பகலில் கடலிலிருந்து வருபவர் இது எந்த விளக்கம் என்று அடையாளம் கண்டு, தாம் நுழைவது எந்தக் கடல்வழி என்று உறுதிசெய்துகொள்ள அந்தச் சிவப்பு உதவியது. இரவில் அதன் ஒளியும் சிவப்பு. மின்னி மறையாமல் நிலையாக எரிவது. விளக்கு 1986-இல் தானியங்கியானது. அதுவரை காவலர்கள் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களுடைய வீடும், மூடுபனி ஒலிப்பானுக்கான கட்டடமும், படகுக் கொட்டகையும் கோபுரத்தைச் சுற்றி இன்றும் இருக்கின்றன.

இனி, எப்போது போவது என்பது. உங்கள் பயணத்தில் இதுதான் மிக முக்கியமான கேள்வி. மற்ற இடங்களுக்கு உங்கள் வசதிப்படி நேரம் குறிக்கலாம்; இந்தப் பாறைத்திட்டுக்குக் கடல் குறித்துக் கொடுக்கும் நேரத்தில்தான் போக முடியும். ஓதம் வற்றும்போது தீவுக்கும் திட்டுக்கும் இடையே கடற்படுகை வெளிப்பட்டு ஒரு வழி உண்டாகிறது. ஓதம் ஏறும்போது அதே வழியில் பல மீட்டர் ஆழத்துக்குக் கடுமையான நீரோட்டம் பாய்கிறது. ஃபண்டி விரிகுடாவின் உள்முனையில் ஓத ஏற்றம் 16 மீட்டர் வரை போகும். கம்போபெல்லோ தீவு அந்த விரிகுடாவின் வாயில் இருப்பதால் இங்கே அவ்வளவு இல்லை. சராசரியாக 6 மீட்டர் அளவில் இருக்கும், சில நாட்களில் அதற்கும் மேல் போகும். இந்த விரிகுடாவில் மட்டும் இப்படி நிகழ்வதற்குக் காரணம், அதன் நீளமும் ஆழமும் சேர்ந்து அதற்குள் இருக்கும் நீர் ஒருமுறை ஊசலாடித் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம், நிலவு எழுப்பும் ஓதத்தின் சுற்றுக் காலமான 12 மணி 25 நிமிடத்துக்கு மிக நெருக்கமாக அமைந்துவிட்டதுதான். ஊஞ்சலை அது திரும்பும் நொடியில் ஒவ்வொரு முறையும் தள்ளினால் வீச்சு கூடிக்கொண்டே போவது போல, ஒவ்வோர் ஓதமும் முந்தையதன் மேல் ஏறிக்கொள்கிறது.

கடலோடிகள் கைக்கணக்காக வைத்திருக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு விதியை உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். பத்து வயதுக்கு அது எளிதில் புரியும். தாழ் ஓதத்துக்குப் பிறகு நீர் ஆறு மணி நேரம் ஏறுகிறது. முதல் மணியில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கும், மூன்றிலும் நான்கிலும் மூன்று மூன்று பங்கும், ஐந்தில் இரண்டு பங்கும், ஆறாம் மணியில் ஒரு பங்கும் ஏறும். 6 மீட்டர் ஏற்றத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால், முதல் மணியில் அரை மீட்டர், இரண்டாவதில் 1 மீட்டர், மூன்றாம் மணியில் ஒன்றரை மீட்டர். அதாவது ஒரே மணி நேரத்தில் ஐந்து அடி. பாதை தொடங்கும் இடத்தில் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையும் நீர் மணிக்கு ஐந்தடி ஏறும் என்றே சொல்கிறது. தாழ் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் என்று வழக்கமாகச் சொல்லும் நான்கு மணி நேர வரம்புக்குக் காரணம் இதுதான். மூன்றாம் மணி தொடங்கியபின் கடல் உங்கள் நடையை விட விரைவாக வேலை செய்யும். அங்கே சிக்கிக்கொண்டால் அடுத்த வழி திறக்க ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். இடையில் நீந்தியோ தண்ணீரில் இறங்கி நடந்தோ கடந்துவிடலாம் என்ற எண்ணம் கூடவே கூடாது. கோடையிலும் அந்த நீர் பத்துப் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ்தான் இருக்கும்; அந்தக் குளிரில் மூச்சும் கைகாலும் சில நிமிடங்களில் நம் வசம் இல்லாமல் போய்விடும்.

தாழ் ஓதம் நாளுக்கு இரண்டு முறை வரும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தப் பகுதியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உயர் ஓதம் நண்பகலை ஒட்டியும், தாழ் ஓதம் காலையிலும் மாலையிலும் அமையும். வளர்பிறை, தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாட்களில் தாழ் ஓதம் ஏறக்குறைய நண்பகலுக்கு வந்துவிடும். குடும்பத்தோடு போக இந்த நாட்களே வசதி. ஆனால் அப்போது ஏற்ற இறக்கத்தின் வீச்சு குறைவு என்பதால் நீர் அவ்வளவு தாழ வற்றாது, வழியும் அவ்வளவு நேரம் திறந்திருக்காது என்பதை நினைவில் வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் வழி அகலத் திறக்கும், ஆனால் நீர் திரும்பும் வேகமும் அதிகம். எனவே விடுதியில் பதிவு செய்வதற்கு முன்பே ஓத அட்டவணையை எடுத்து உங்கள் இரண்டு நாட்களையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேதியை ஓரிரு நாள் நகர்த்த முடிந்தால் இப்போதே நகர்த்திவிடுங்கள்.

இந்த இடத்தில் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. லூபெக்கும் கம்போபெல்லோவும் ஒரு குறுகிய நீர்க்காலின் இரு கரைகளில் இருந்தாலும் இரண்டின் கடிகாரமும் வேறு. கம்போபெல்லோ அட்லாண்டிக் நேரத்தில் இயங்குகிறது. லூபெக்கை விட ஒரு மணி நேரம் முந்தியது. தாழ் ஓதம் பிற்பகல் 2 மணி என்று கனடிய அட்டவணை சொன்னால், லூபெக்கில் உங்கள் கைக்கடிகாரம் அப்போது 1 மணி காட்டும். அதை மறந்து லூபெக் நேரத்தில் 2 மணிக்குத் திட்டமிட்டால், பத்திரமாகத் திரும்பிவிட்டதாக நீங்கள் நினைக்கும் நேரம் உண்மையில் நீர் மிக விரைவாக ஏறும் மூன்றாம் மணியாக இருக்கும். கைப்பேசியையும் நம்ப முடியாது. தீவில் நிற்கும்போதே மேய்ன் கரைக் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு அது தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். நான் அந்தப் பாறையில் நின்றபோது என் கைப்பேசி ஒரு மணி நேரம் பின்தங்கிக் காட்டியது. கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்று இருந்ததால் தப்பித்தேன். நீங்களும் ஒரு கைக்கடிகாரத்தைத் தீவின் நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள். கோடை நேர மாற்றத்தைச் சேர்க்காமல் அச்சிடும் ஓத அட்டவணைகளும் உண்டு. நீங்கள் பார்ப்பது எந்த நேரத்தில் கணித்தது என்பதை அதன் தலைப்பில் படித்து உறுதிசெய்த பிறகே பயன்படுத்துங்கள்.

தீவுக்குப் போகும் வழியில் சிக்கல் இல்லை. லூபெக்கையும் தீவையும் 1962-இல் திறந்த ரூஸ்வெல்ட் நினைவுப் பாலம் இணைக்கிறது. பாலத்தின் இருமுனையிலும் சோதனைச் சாவடி இருப்பதால் கடவுச்சீட்டு வேண்டும். கனடாவுக்கு விசா தேவைப்படும் குடியுரிமை உடையவர்கள் அதையும், திரும்ப அமெரிக்காவுக்குள் நுழைய உரிய அனுமதி உள்ளதா என்பதையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய தாள் குறைந்தாலும் மொத்தப் பயணமும் அங்கேயே நின்றுவிடும். கனடாவின் பெருநிலத்திலிருந்து இந்தத் தீவுக்குப் பாலமே கிடையாது. கோடையில் மட்டும் டீர் தீவு வழியாகப் படகுச் சேவை உண்டு. பாலத்திலிருந்து வடமுனை வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வெல்ஷ்பூல், வில்சன்ஸ் பீச் என்னும் மீனவக் குடியிருப்புகளைத் தாண்டிச் சாலை போகிறது. கடைசியில் வரும் ஹெட் ஹார்பர் துறையில் கல்லிறால் பொறிகளும் மீன்பிடிப் படகுகளும் இருக்கும். தாழ் ஓதத்தில் அந்தப் படகுகள் துறைமேடையிலிருந்து எவ்வளவு கீழே கிடக்கின்றன என்று இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். நான் சொன்ன 6 மீட்டர் எவ்வளவு என்பது எண்ணால் அல்லாமல் கண்ணாலேயே விளங்கும்.

இனி கடக்கும் வழி. வண்டி நிறுத்தத்திலிருந்து சிறிது நடந்ததும் பாறை விளிம்பு வரும். அங்கிருந்து செங்குத்தான இரும்புப் படிகள் கீழே இறங்குகின்றன. படி என்பதை விட ஏணி என்பதே பொருந்தும். இரண்டு கையும் பிடிமானத்துக்கு வேண்டும் என்பதால் சாமான்களை முதுகுப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கிய இடம் கடலின் அடித்தரை. கூழாங்கற்களும், பழுப்புநிறக் கடற்பாசி போர்த்திய பாறைகளும் இருக்கும். இந்தப் பாசியின் கிளைகளில் சிறு திராட்சை அளவில் காற்றுப் பைகள் இருக்கும். ஓதம் ஏறும்போது அதை நிமிர்த்தி மிதக்கவைப்பவை அவை. காலடியில் அவை பட்பட்டென்று வெடிக்கும் ஓசை உங்கள் மகனுக்குப் பிடித்துப்போகும். ஆனால் ஈரப் பாசியை விட வழுக்கும் பரப்பு வேறு இல்லை. அதன் இடையே வெள்ளையாகச் சொரசொரப்பான திட்டுகள் தெரியும்; கொட்டலசு என்னும் சிற்றுயிர்களின் கூடுகள் அவை. காலை அந்த வெள்ளைத் திட்டின் மேலோ வெறும் கூழாங்கல்லின் மேலோ வையுங்கள், பழுப்பின் மேல் வைக்காதீர்கள். நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். செருப்போடு வருவோரைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கும். இறங்கியது போல மறுபுறம் ஏற வேண்டும். இடையிலுள்ள சிறு திட்டைத் தாண்டி மறுபடி இறங்கி ஏறினால்தான் கோபுரம் வரும். நிதானமாகப் போக வேண்டும், திரும்பி வரவும் அதே நேரம் ஆகும்.

தாயாரை இந்த வழியில் அழைத்துப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முழங்கால் நன்றாக இருக்கும் இளையவர்களே அந்த ஏணிகளில் தயங்குகிறார்கள். அவருக்காக இரண்டு காரியங்கள் செய்யலாம். ஒன்று, பாலத்தைக் கடந்த உடனேயே நீர்க்காலின் கரையில் முல்ஹாலண்ட் முனை விளக்கம் என்னும் இன்னொரு மரக் கோபுரம் இருக்கிறது. 1880-களில் கட்டியது, பாலம் வந்தபின் அதன் ஒளிக்குத் தேவை இல்லாமல் போனது. வண்டியை விட்டு இறங்கிச் சில அடி நடந்தாலே அதன் பலகையைத் தொட்டுப் பார்க்கலாம். ஓதம் பாயும்போது எதிரே கடல்நாய்கள் தலைதூக்குவதையும் அங்கிருந்து காணலாம். அது அமைந்திருப்பது கனடாவும் அமெரிக்காவும் 1964 முதல் கூட்டாக நடத்தும் ரூஸ்வெல்ட் கம்போபெல்லோ பன்னாட்டுப் பூங்காவில். அமெரிக்க அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் சிறுவயது முதல் கோடையைக் கழித்த தீவு இது. 1921 ஆகஸ்டில் அவர் கால்களை முடக்கிய நோய் தாக்கியதும் இங்கேதான். 34 அறைகள் கொண்ட அவருடைய வீட்டைப் பார்க்கக் கட்டணம் இல்லை. இரண்டாவது காரியத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மூடுபனியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓதங்கள் அடிநீரைக் கலக்கி மேலே கொண்டுவருவதால் இங்கே கடற்பரப்பு கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். தென்மேற்கிலிருந்து வரும் வெப்பமான ஈரக்காற்று அதன் மேல் படிந்ததும் பனிமூட்டமாகிவிடும். ஜூலையில் இது மிகுதி, ஆகஸ்ட் கடைசியில் சற்றுக் குறையும். உலகின் முதல் நீராவி மூடுபனி ஊதலை ராபர்ட் ஃபவுலிஸ் வகுத்துக்கொடுக்க, 1859-இல் இதே விரிகுடாவில், செயின்ட் ஜான் துறைமுகத்தின் வாயிலில் உள்ள பார்ட்ரிட்ஜ் தீவில் நிறுவியதற்கும் இந்தப் பனியே காரணம். நீங்கள் போகும் நாளில் எதிர்ப்பாறை தெரியாத அளவுக்குப் பனி இருந்தால் கடக்க வேண்டாம். அடுத்த நாள் இருக்கிறதே என்று இரண்டு நாள் தங்கும் உங்கள் திட்டம் அதற்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது. முதல் நாளே போய்விடுங்கள், இரண்டாம் நாளைக் கையிருப்பாக வையுங்கள்.

கோபுரத்துக்கு உள்ளே ஏறிப் பார்க்க முடியுமா என்பது அன்று பராமரிப்பாளர்கள் இருப்பதைப் பொறுத்தது. இருந்தால் மறுக்காமல் உள்ளே போய்ப் பாருங்கள். இந்த நிலையம் இன்று நிற்பதே உள்ளூர் மக்களால்தான். விளக்கு தானியங்கியானபின் வீடும் கொட்டகையும் பாழடையத் தொடங்கின. 2000-ஆம் ஆண்டளவில் தீவுவாசிகள் ஹெட் ஹார்பர் விளக்கு நிலைய நண்பர்கள் என்ற அமைப்பாகக் கூடிப் பொறுப்பை ஏற்றார்கள். 2010-இல் கனடிய அரசு ஏறத்தாழ 1,000 கலங்கரை விளக்கங்களைத் தனக்கு இனித் தேவையற்ற சொத்து என்று அறிவித்தபோது, அவற்றை யார் ஏற்பது என்று நாடெங்கும் ஊர்கள் திகைத்தன. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே இந்தச் சிறு தீவு அந்தச் சுமையைத் தோளில் வாங்கிக்கொண்டது என்பது எனக்குப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது. கடப்பதற்கு அவர்கள் கேட்கும் சிறு கட்டணம் பலகைக்கும் வண்ணத்துக்கும்தான் போகிறது. முடிந்தால் அதற்கு மேலும் கொடுங்கள். சில்லறையாகக் கனடிய டாலர் வைத்திருப்பது நல்லது.

தாயாருக்கான இரண்டாவது காரியம் இது. எதிரே, தீவின் விளிம்பில், ஏணியில் இறங்காமலேயே கோபுரத்தை முழுமையாகப் பார்க்கும் இடம் இருக்கிறது. செஞ்சிலுவையும் வீடும் அவற்றைச் சுற்றிய கடலுமாக, புகைப்படங்களில் நீங்கள் பார்த்த காட்சி பெரும்பாலும் அங்கிருந்து எடுத்ததுதான். கோபுரத்தின் அடியில் நிற்பவருக்கு அது கிடைக்காது. ஒரு மடக்கு நாற்காலி, கனத்த மேலாடை, ஒரு தொலைநோக்கி ஆகியவற்றோடு அவரையும், துணைக்குப் பெரியவர் ஒருவரையும் அங்கே இருத்துங்கள். ஓதம் சிறு மீன்களைத் திரட்டித் தள்ளிக்கொண்டு வருவதால், ஆகஸ்ட் மாதத்தில் மிங்கி திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் அவற்றைத் தேடிக் கரைக்கு மிக அருகில் வருவதுண்டு. அமைதியாக உட்கார்ந்திருப்பவர் கண்ணில்தான் அவை முதலில் படும். நீங்கள் இறங்குவதற்கு முன், படுகையில் வெளிப்பட்டு நிற்கும் ஒரு கரும்பாறையை அவருக்குக் காட்டி, நீர் அதன் அடியைத் தொட்டதும் சால்வையை வீசச் சொல்லுங்கள். உங்கள் கையில் கடிகாரம் இருக்கட்டும், திரும்பும் நேரத்தை அதுவே முடிவு செய்யட்டும். அதோடு அந்தச் சால்வையையும் கோபுரத்தடியிலிருந்து அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.